வடக்கு அறையின் நிறம்

உலகம்மாள் வருகிறாள் என்றால் முதலில் அவள் குரல் வரும், பின்னால்தான் ஆள் வருவாள். அன்றைக்குக் குரலும் ஆளும் ஒரு பெயிண்ட் வாளியும் சேர்ந்தே வந்து மடத்து வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கின.

"அம்மை! எங்கே இருக்கீங்க அம்மை?"

மடம் என்றால் பெரிய மடம் ஒன்றுமில்லை. தென்காசிக்கு மேற்கே தென்னந்தோப்புக்குள் ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ஓர் அடுக்களை, மூட்டைகளைப் போட்டுவைக்க ஒரு சாமான் அறை. காந்திமதி அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. உலகம்மாளைவிட ஆறேழு வயது இளையவர். ஆனாலும் ஊருக்கெல்லாம் அவர் அம்மை. அவரோ தன்னைவிட மூத்த சிஷ்யைகளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். யார் என்ன கேட்டாலும் பாதிக்குப் பதில் சொல்வார், மீதிக்கு வேலை கொடுப்பார்.

"கிணத்தடியில இருக்கேன். மெல்ல வாங்கக்கா, பாசி வழுக்கும்."

மெல்ல வருவதற்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும். உலகம்மாள் வாளியோடு ஓடினாள்.

"அம்மை, வீடு பெயிண்ட் அடிச்சு முடிச்சாச்சு! வீடு முழுக்க ஒரே கலர்! ஹால், அடுக்களை, பூஜை ரூம், பையனுவ ரூம், சங்கரி ரூம், எல்லாத்துக்கும் ஒண்ணுதான். கருப்பட்டிக் காப்பியில தாராளமா பால் விட்டா ஒரு நிறம் வருமே, அது! கடைக்காரர் அட்டையைக் காட்டி இளம்பழுப்புன்னாரு. எனக்கு அது காப்பிதான்."

"பார்த்தா குடிக்கணும் போல இருக்குமோ?"

"அப்படியே!"

உலகம்மாளின் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. முதல் கணவர் போனபின் இரண்டு பையன்களோடு தனியாக நின்றவள் அவள். மனைவியை இழந்து ஒரு மகளோடு நின்றவர் ஆவுடையப்பன். போன ஆவணியில் இருவரும் கட்டிக்கொண்டார்கள். தாய் போனதிலிருந்து அந்த மகள் சங்கரி அத்தை வீட்டில்தான் வளர்ந்தாள். இப்போது புது வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை. வெள்ளிக்கிழமை பால்காய்ச்சு. அன்றைக்கு அவளும் பெட்டியோடு வந்துவிட வேண்டும் என்பதுதான் உலகம்மாளின் ஒரே ஆசை.

ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு நிறம் அடிக்கலாம் என்றார் ஆவுடையப்பன். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம்தான் என்று உலகம்மாள் பிடியாக நின்றாள். தன் பிள்ளைகளுக்கு ஒன்று, அவர் பிள்ளைக்கு ஒன்று என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. யாருக்கும் கூட இல்லை, யாருக்கும் குறைவில்லை. இந்த யோசனை தனக்குத் தோன்றியதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று.

"அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?" என்று அம்மை கேட்டார்.

உலகம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். குரல் தணிந்தது. அவள் குரல் தணிவது அபூர்வம்.

"நேத்து சங்கரியைக் கூட்டிட்டு வந்து காட்டினேன் அம்மை. ஹாலைப் பார்த்துச் சிரிச்சா. பையனுவ ரூமைப் பார்த்து, நல்லாருக்கு சித்தின்னா. அவ ரூம் வாசலுக்கு வந்தா. நின்னா. உள்ள காலே வைக்கல. ‘எனக்கு மட்டும் மிச்ச பெயிண்டா சித்தி?’ன்னு கேட்டா. கேட்டுட்டுப் போயிட்டா."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை பாலைக் குடிச்சிட்டு அத்தை வீட்டுக்கே போயிருதேன்னு அவ அப்பாகிட்ட சொல்லியிருக்கா."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு மறுபடியும் வேகம் வந்துவிட்டது.

"நானும் அவ ரூம் வாசல்ல நின்னு பார்த்தேன் அம்மை. சத்தியமா மங்கித்தான் கிடக்கு. சாம்பலைக் கலந்த மாதிரி! பெயிண்டரைப் பிடிச்சு உலுக்கிட்டேன். அவரு பாவம், ‘அதே வாளிதான்க்கா, இது வடக்குப் பார்த்த ரூம், பக்கத்து வீட்டுச் சுவரு வெளிச்சத்தை மறைக்குது. இதுக்கு மட்டும் கொஞ்சம் வெளுப்புக் கலந்து அடிச்சா மத்த ரூம் மாதிரியே தெரியும்’ங்காரு. கூத்தைப் பாருங்க! ஒரே பெயிண்ட் அடிச்சா வேற வேறயா தெரியுமாம். வேற பெயிண்ட் அடிச்சா ஒண்ணு போலத் தெரியுமாம்!"

அம்மை சிரித்துவிட்டார். உலகம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிக்க முடியவில்லை.

"நான் என்ன செய்யட்டும்? அதே பெயிண்டை விட்டா, எனக்கு மட்டும் மட்டமா அடிச்சிருக்கான்னு அவ நெனப்பா. வெளுப்புக் கலந்து அடிச்சா, நாளைக்கு யாராவது சொல்லி அவளுக்குத் தெரிஞ்சா, நெசமாவே எனக்கு மட்டும் வேறதான்னு ஆயிரும். எது சரி அம்மை?"

"அந்த ரூமுக்குள்ள போய் இருந்து பார்த்தீங்களா?"

"அது அவ ரூம்லா! நான் எதுக்கு அங்க போய் இருக்கணும்?"

அம்மை வாளியைக் குனிந்து பார்த்தார்.

"இது எதுக்கு?"

"மிச்சம் இருந்துச்சு. மடத்துக்கும் அடிச்சிரலாம்னு கொண்டாந்தேன். உங்களுக்கும் இதே கலர்தான்!"

"அப்படின்னா சாமான் அறைக்கு ஒரு சுவர் அடிங்க."

"சாமான் அறைக்கா? முன்கட்டுல அடிச்சா நாலு பேர் பார்ப்பாங்களே."

"சாமான் அறைக்கு."

குருவின் வார்த்தைக்கு எதிர்வார்த்தை இல்லை. உலகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சாமான் அறை வடக்கு மூலையில் இருந்தது. உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதற்கு வெளியே ஒரு பலாமரம். சுவர்ப் பக்கம் கிடந்த மூட்டைகளை நகர்த்தினாள், ஒட்டடை அடித்தாள், சுவரைத் துடைத்தாள், பிரஷ்ஷைத் தோய்த்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு மற்றது மறந்துவிடும். மூக்கில் ஒரு தீற்றல், நெற்றியில் ஒரு தீற்றல், முழங்கையில் கணக்கில்லை. சுவருக்குப் பட்டதைவிட ஆளுக்குப் பட்டது அதிகமோ என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அடித்து முடித்துக் குளித்தாள். எலுமிச்சம்பழச் சாதமும் துவையலும் சாப்பிட்டாள். அம்மையின் எச்சில் இலையையும் பிடுங்கிக்கொண்டுபோய்ப் போட்டாள். அதற்குள் சுவர் காய்ந்துவிட்டது.

முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைக் கடந்து, ஆசையாக ஓடிப்போய்ச் சாமான் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"அய்ய! இங்கேயும் மங்கித்தான் கிடக்கு. அதே சாம்பல்!"

இருட்டுக்குக் கண் பழகாமல் அவள் உற்றுப் பார்த்தாள். அம்மை தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அரிவாள்மனை, பக்கத்தில் ஒரு சாக்குப் புளி. புளியம்பழத்தை ஒவ்வொன்றாகக் கீறிக் கொட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். சாக்கு முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"என்ன அம்மை, இம்புட்டையும் தனியா எடுக்கீங்க? நகருங்க."

உலகம்மாள் உள்ளே போய் எதிரே உட்கார்ந்தாள். முறத்தை இழுத்து மடியோடு வைத்துக்கொண்டாள். அம்மை கீறிக் கொடுக்க, இவள் கொட்டையை எடுத்து நாரை உருவிப் போட்டாள். பேச்சு எங்கெங்கோ போனது. இந்த வருஷம் புளி விலை, பெரிய பையன் கணக்கில் முட்டை வாங்கியது, பால்காய்ச்சுக்கு வைக்கிற பாயசத்துக்குப் பருப்பா சேமியாவா என்பது. பாயசத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமை. உலகம்மாள் பருப்பின் கட்சி. குரு என்றும் பாராமல் அடித்துப் பேசினாள்.

பேசிக்கொண்டே நார் ஒன்றை உதற நிமிர்ந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள்.

"அம்மை!"

"என்ன?"

"சுவரைப் பாருங்க!"

சுவர் கனிந்திருந்தது. சாம்பல் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஜன்னல் வழியே வந்த அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில் சுவர் முழுக்கக் கருப்பட்டிக் காப்பி நிறம். ஹாலில் இருக்கிற நிறம்கூட இல்லை, அதைவிட ஆழமாக, அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு இருப்பது போல இருந்தது. அந்த நிறம் அம்மையின் கன்னத்திலும் ஏறியிருந்தது.

"இப்பத்தான் காய்ஞ்சிருக்கு போல!"

"அப்பவே காய்ஞ்சாச்சு. தொட்டுப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தேன்."

உலகம்மாள் மடியிலிருந்த முறத்தை இறக்கிவைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்கு ஓடினாள். வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

"மங்கிருச்சு!"

உள்ளே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் புளியைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"வந்துருச்சு! அம்மை, வந்துருச்சு!"

மறுபடியும் ஓடினாள், மறுபடியும் வந்தாள். நாற்பத்தைந்து வயதுப் பெண் முற்றத்துக்கும் சாமான் அறைக்கும் கண்ணாமூச்சி ஆடுவதைப் பார்த்து அம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உலகம்மாளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அவள் பிள்ளையை அவள் ஏமாற்றவில்லை. சுவரும் ஏமாற்றவில்லை.

"புரிஞ்சிருச்சு அம்மை! வெயில்ல இருந்து வந்து வாசல்ல நின்னா மங்கத்தான் செய்யும். உள்ள வந்து இருந்தாத்தான் நிறம் தெரியும். வெளுப்பும் வேண்டாம், கருப்பும் வேண்டாம். இப்பவே நேரா அத்தை வீட்டுக்குப் போறேன். சங்கரி கையைப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன். இந்தா, உன் ரூம்ல போய் உட்காரு, அசையாம உட்கார்ந்து சுவரைப் பாருன்னு சொல்லப் போறேன்!"

செருப்பை மாட்ட வாசலுக்குப் போய்விட்டாள்.

"அக்கா."

திரும்பினாள்.

"நான் உங்களை உட்காரச் சொன்னேனா?"

உலகம்மாள் யோசித்தாள். "இல்ல. சொல்லல."

"சுவரைப் பார்க்கச் சொன்னேனா?"

"அதுவும் சொல்லல."

"பின்னே ஏன் உள்ளே வந்து உட்கார்ந்தீங்க?"

"நீங்க இருந்தீங்க. தனியா உட்கார்ந்து எடுத்துட்டு இருந்தீங்களே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக வாசலிலேயே நின்றாள்.

அம்மை எழுந்தார். கொட்டை எடுக்காமல் மிச்சமிருந்த புளியைச் சாக்கோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டினார். அதைத் தூக்கிக்கொண்டு வந்து உலகம்மாளின் இடுப்பில் வைத்தார்.

"இதைக் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை சங்கரி வர்ற நேரம் அந்த வடக்கு ரூம்ல வச்சு எடுங்க. ஒத்த ஆளால முடியாது."