சூரியனுக்கு டோக்கன் போட்ட வார்டு

அநியாயம் நடந்தது செம்மண்மேட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கு. அங்கே கூரை கிடையாது, பெஞ்ச் கிடையாது. இருந்தது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதையும் வெட்டிவிட்டுப் பதினோரு கார் நிறுத்த இடம் பண்ணப்போகிறார்களாம். பஸ்ஸில் போய் ஊர்ப்புகையைக் குறைக்கிறவள் வெயிலில் காய வேண்டும், காரில் வந்து புகையைக் கூட்டுகிறவருக்கு இடம் வேண்டும். இது என்ன நியாயம் என்று கேட்டுக் கல்லூரி மாணவி மதிவதனி மூன்று மனு எழுதினாள். மரம் இருக்கட்டும் என்று கவுன்சிலர் அங்கம்மாள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மூன்றும் அவர் வீட்டுக்காரர் சோணைமுத்துவின் சட்டைப்பைக்குள் போயின. ஓட்டு வாங்கியது அங்கம்மாள். ஊர் 'கவுன்சிலரே' என்று கும்பிடுவது சோணைமுத்துவை.

மே மாத ஞாயிறு, வார்டுக் கூட்டம். வேறு நிழல் இல்லாததால் அந்த மரத்தடியிலேயே நாற்காலி போட்டார்கள். நாலாவது மனுவோடு மதிவதனி எழுந்தாள். அங்கம்மாள் வாயெடுக்குமுன் சோணைமுத்து ஆரம்பித்துவிட்டார்.

"நிழலா? ஏத்தா, இங்க குளிர் தாங்கலைன்னு ஜனம் அழுதுக்கிட்டிருக்கு."

போன மாதம் தன் மொட்டைமாடிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தாராம். அன்று மத்தியானமே தெரு ஜில்லிட்டுப்போனதாம். பக்கத்து மாடியில் காயப்போட்ட கூழ்வற்றல் உறைந்து, சுத்தியலால் தட்டி எடுத்தார்களாம். கொடைக்கானலிலிருந்து ரெண்டு பஸ் நிறைய ஆட்கள் சீசனுக்கு வந்து, குளிர் ஒத்துக்கொள்ளாமல் ஓடிப்போனார்களாம்.

"ஒருத்தர்கூட எங்கடையில கம்பளிக் கோட்டு தைக்கக் குடுக்கலையே?" என்றார் தையல்கடை ரஹீம் பாய்.

"கை விறைச்சுக் கிடக்கையில எப்படி பாய் அளவு குடுப்பாக?"

நிழல் ஓரடி நகர்ந்தது. சோணைமுத்துவின் நாற்காலியும் ஓரடி நகர்ந்தது.

அடுத்து, காரை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு மாறிய கதை. அவர் மிதித்த மிதியில் டைனமோ மின்சாரம் வார்டு முழுக்கப் பாய்ந்து, வீட்டு மீட்டரெல்லாம் பின்னால் ஓடி, வீடு கட்டுவதற்கு முந்தின வருஷத்தில் போய் நின்றதாம்.

"நேத்துக்கூட கார்லதானண்ணே போனீக?" என்றாள் பூக்காரி அழகுமீனா.

"அது சைக்கிள்தான். போன வேகத்துல உன் கண்ணுக்குக் காராத் தெரிஞ்சிருக்கு."

இப்போது அவரைப் பிடிக்க ஆளில்லை. பக்கத்து வார்டுப் புகையை எல்லையிலேயே சாக்கில் பிடித்து, கண்மையாக்கி, வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தாராம். கடைசியில் சூரியனே இறங்கிவந்து, எந்தத் தெருவுக்குள் வரலாம் என்று கேட்டு நின்றதாம். செவ்வாய்க்கிழமைக்கு ஒரு டோக்கன் போட்டு அனுப்பினாராம்.

"இதுல மரநிழலும் சேர்ந்தா ஜன்னி கண்டு செத்துப்போவீக. உங்க நல்லதுக்குத்தான் வெட்டச் சொன்னேன்" என்று துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மதிவதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மூன்று கூட்டமும் இப்படித்தான். சிரித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள், மனு பைக்குள் போனது. கையில் பதினேழு பக்கப் புள்ளிவிவரம் வைத்திருந்தாள். இந்த மனுஷனிடம் அதெல்லாம் எடுபடாது. மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அண்ணன் சொன்னதெல்லாம் சத்தியம்" என்றாள். "நான் அங்கதான் இருந்தேன். ஆனா ஒரு பெருமையை மட்டும் அடக்கத்துல மறைச்சிட்டாக."

சோணைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டோக்கன் வாங்கிய சூரியன் இந்த மரத்தடியில் வந்து விழுந்ததாம். என் சூடு என்னாலேயே தாங்கலை, இளைப்பாற இருக்கிறது இது ஒண்ணுதான், வெட்டிப்புடாதீக என்று அண்ணன் காலைப் பிடித்ததாம். அண்ணன் மனசு இளகி, அந்த நிமிஷமே மனுவில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாராம். குளிரில் பேனா மை உறைந்துவிட்டதாம். பாவம், மை இளகட்டும் என்று மூன்று மனுவையும் நெஞ்சோடு வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறாராம்.

எல்லார் கண்ணும் சட்டைப்பைக்குப் போனது. வேர்வையில் நனைந்த துணிக்குள் மடித்த காகிதம் பளிச்சென்று தெரிந்தது.

'இல்லை' என்று சொன்னால் அத்தனை பெருமையும் போச்சு. சோணைமுத்து கம்பீரமாகப் பேனாவை உருவினார். "ஆமா, இப்பத்தான் மை இளகியிருக்கு. நான் ஒரு கையெழுத்துப் போட்டா, ஊர்ல உள்ள கோடாலியெல்லாம் மழுங்கிப்போகும் பாரு."

பக்கத்து நாற்காலியிலிருந்து அங்கம்மாள் கையை நீட்டினார்.

"உங்க கையெழுத்து செல்லாதுங்க. கவுன்சிலர் நான். பேனாவை இங்கிட்டுக் குடுங்க."