பரங்கி வீரருக்குக் கிடைத்த மரியாதை

சாவதற்குக்கூடச் சிபாரிசு தேவைப்பட்ட காலம் அது. ஜப்பானின் மேற்குக் கரையில் கொத்தானி என்றொரு சிற்றரசு இருந்தது. அங்கே சுகினோ ஜின்பெய் என்ற சாமுராய், ஒரு மனிதருடைய சாவுக்காக இருபது நாள் ஒற்றைக் காலில் நின்றார்.

அந்த மனிதர் ஒரு பரங்கி. பெயர் அல்வாரோ. தன் நாட்டில் குதிரையும் கவசமும் பட்டமும் உடைய வீரர். நைட் என்பார்களே, அந்த வகை. கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவரைச் சிற்றரசர் குதிரைப் படையில் சேர்த்துக்கொண்டார். வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

பதினோரு வருடமும் ஜின்பெய்க்கும் அவருக்கும் ஒரே சண்டைதான். யார் ஊர் வீரன் உசத்தி? மழை பிடித்தால் போதும், இரண்டு பேரும் லாயத்தில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார்கள்.

"நான் மண்டியிட்டுக் கைகூப்பினேன். என் பிரபு என் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டார். நானும் வாக்குக் கொடுத்தேன், அவரும் கொடுத்தார்" என்பார் அல்வாரோ.

"பிரபு எதற்கு வாக்குக் கொடுக்க வேண்டும்? இது என்ன சந்தை பேரமா?" என்பார் ஜின்பெய். "நாங்கள் தரையில் நெற்றியை வைப்போம். அதோடு சரி. அவர் என்ன செய்தாலும் நாங்கள் அவருடைய ஆள்."

"அவர் அநியாயம் செய்தால்?"

"செய்தால் என்ன? நாங்கள் சாவோம்."

அல்வாரோ சிரித்து விடுவார். அந்தச் சிரிப்பு ஜின்பெய்க்குப் பிடிக்காது. ஆனால் மழை வந்தால் லாயத்துக்குப் போகாமல் இருக்கவும் முடியாது.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் எல்லையில் சண்டை நடந்தது. எதிரிப் படைத் தலைவன் ஒருவன் வாளை அல்வாரோவின் காலடியில் போட்டுச் சரணடைந்தான். "உன் உயிருக்கு நான் பொறுப்பு" என்று அல்வாரோ சொன்னார். அவர் ஊரில் சரணடைந்தவனைக் காப்பாற்றுவது வீரனின் கடமை. கொத்தானியிலோ சரணடைந்தவன் அரை மனிதன்கூட இல்லை. மந்திரியின் தம்பி வந்தான். உட்கார்ந்திருந்த கைதியின் தலையைச் சீவிவிட்டுப் போனான். அல்வாரோ பின்னாலேயே போய், படை முழுவதும் பார்க்க, அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

மேலதிகாரியை அடித்தவனுக்கு மரணம். திருடர்களோடு சேர்த்து, கையைக் கட்டி, ஆற்றங்கரையில் தலையை வெட்டும்படி உத்தரவாயிற்று.

ஜின்பெய் கொதித்துப் போனார். தண்டனை சரி. சட்டம் சட்டம்தான். ஆனால் இவ்வளவு பெரிய வீரருக்கு இவ்வளவு இழிவான சாவா? சாமுராய்க்கு உரிய சாவு வேறு. வெள்ளைப் பாய் விரித்து, அதிகாரிகள் முன்னிலையில், தட்டில் வைத்த குறுவாளை எடுத்துத் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்வது. வேதனை நீளாமல் இருக்கப் பின்னால் ஒரு துணைவீரன் நின்று கழுத்தை வெட்டுவான். அந்தச் சாவை அல்வாரோவுக்கு வாங்கித் தருவதென்று ஜின்பெய் கிளம்பினார்.

வாசல் வாசலாக ஏறி இறங்கினார். மந்திரி எரிந்து விழுந்தார். கடைசியில் ஜின்பெய் எழுதிக் கொடுத்தார்: 'இவர் என்னைப் போன்ற வீரர். இதற்கு என் பெயரும் என் குலத்தின் பெயரும் ஜாமீன். துணைவீரனாக நானே நிற்கிறேன்.'

இருபதாம் நாள் அனுமதி கிடைத்தது. அதிலிருந்து ஐந்தாம் நாள் காலையில் சாவு என்று குறித்தார்கள். ஜின்பெய் சிறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். கல்யாணச் சேதி கொண்டுபோகிறவருடைய முகம் அவருக்கு.

கேட்டதும் அல்வாரோவின் முகம் பேயறைந்தது போலாயிற்று.

"என் கையாலா? என்னை நானேவா?"

"ஆமாம்! சம்மதித்துவிட்டார்கள்!"

"ஜின்பெய், எங்கள் மதத்தில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. தன்னைக் கொன்றவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அவனுக்காக யாரும் ஜெபம் சொல்ல மாட்டார்கள். இறந்து போன என் மனைவி ஓரிடத்தில் இருப்பாள், நான் வேறிடத்தில் இருப்பேன். என்றைக்கும்." கம்பிக்கு வெளியே கை நீட்டி ஜின்பெய்யின் கையைப் பிடித்தார். "என்னை ஆற்றங்கரைக்கே அனுப்பிவிடுங்கள்."

"திருடர்களோடா? தலையை வெட்டுவார்களே!"

"எங்கள் ஊரில் திருடனுக்குக் கயிறு. வாளால் கழுத்தை வெட்டுவது பிரபுக்களுக்கு மட்டும்."

ஜின்பெய் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். அவமானமாக இருந்தது. பயந்துவிட்டான், அதற்குக் கடவுளைத் துணைக்குக் கூப்பிடுகிறான் என்று ஒரு மனம் சொன்னது. அப்படிச் சொன்ன மனத்தையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஊருக்கு மேலே மலையில் ஒரு மடம் இருந்தது. அதன் குரு தைகனுக்கு வயது முப்பத்தொன்று. கரி சுடுகிறவரின் மகன். ஐம்பத்து நான்கு வயது ஜின்பெய் ஏழு வருடமாக அவரிடம் சீடர். தன் மகன் வயதுக்காரனிடம் போய்க் கைகட்டி நிற்கிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஜின்பெய் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"குருவே, மரியாதையான சாவைக் கண்டு நடுங்குகிறவன் வீரனா, கோழையா?"

தைகன் தோட்டத்தில் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார் கொடுத்த மரியாதை?"

"நான் கொடுத்தது. தலைகீழாக நின்று வாங்கிக் கொடுத்தது."

"நாளை மத்தியானம் வாருங்கள்."

"சாவுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது."

"அப்படியென்றால் வெயில் ஏறுவதற்குள் வாருங்கள்."

மறுநாள் ஜின்பெய் போனபோது மடத்தின் நடுக்கூடம் கழுவித் துடைத்திருந்தது. ஊதுவத்தி புகைந்தது. சீடர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாய். பாயின் மேல் புதுக் காவி அங்கி, ஒரு செம்பு வெந்நீர், சவரக்கத்தி.

தைகன் வாசலுக்கே வந்து அவரை வணங்கினார். குரு சீடரை வணங்கி ஜின்பெய் பார்த்ததில்லை. பதறிப்போய்க் குனிந்தார்.

"உங்களுக்காகத் தலைமை மடத்தில் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அனுமதி போன வாரம் வந்தது. ஏழு வருடத்தில் துறவு கொடுக்கும் வழக்கமே இல்லை. உங்களுக்குக் கொடுக்கிறார்கள்" என்றார் தைகன். "எனக்குத் தெரிந்து இதைவிட உயர்ந்தது எதுவும் இல்லை. உட்காருங்கள்."

அவர் சவரக்கத்தியை எடுத்தார். ஜின்பெய்யின் கை தானாகவே தன் குடுமியைப் பொத்திக்கொண்டது. கால் இரண்டடி பின்னால் போயிற்று.

"குருவே, நான் சாமுராய்! குடுமி போனால் நான் யார்? எங்கள் பிரபுவுக்கு என்ன பதில் சொல்வேன்?"

"எட்டு மாதம் கேட்டிருக்கிறேன்."

"நான் கேட்கச் சொன்னேனா?"

சொன்ன பிறகுதான் தன் குரலே அவர் காதில் விழுந்தது. சீடர்கள் தரையைப் பார்த்தார்கள். தைகன் சவரக்கத்தியைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஜின்பெய் அந்தப் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இனிமேல் உத்தரவை மாற்ற முடியாது, குருவே. மாற்றச் சொன்னால், கொடுத்த மரியாதையை மறுத்தான் என்று அவனைச் சிலுவையில் அறைந்துவிடுவார்கள். நான் என்ன செய்வது?"

"அன்றைக்கு அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்?"

"நான்தான்."

"கையில்?"

"வாள்."

"என்னிடம் எதுவும் இல்லையே, என்னைக் கேட்கிறீர்களே" என்றார் தைகன்.

மலை இறங்கும்போதே ஜின்பெய் முடிவு செய்துவிட்டார். துணைவீரன் முந்திக்கொள்ளலாம். குறுவாளைத் தொடுவதற்குள் வெட்டிவிட்டால் அல்வாரோ தன்னைக் கொன்றவர் ஆகமாட்டார். ஆனால் எதிரே அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். பரங்கி கத்தியைத் தொடவில்லை, ஜின்பெய் கோழைக்குத் தன் பெயரை ஜாமீன் வைத்தான் என்று எழுதுவார்கள். பதவி போகும். வீட்டைப் பூட்டி வாசலில் அரசு முத்திரை வைப்பார்கள். இரண்டு மகன்களுக்கும் ஊரில் முகம் இருக்காது. ஆனாலும் மனம் மாறவில்லை.

சாவுக்கு முந்தைய நாள் சிறைக்குப் போய்ச் சொன்னார்.

"தட்டை வைத்ததும் ஜெபம் செய்கிறவர் போல முன்னால் குனியுங்கள். கையைத் தொடையிலேயே வைத்திருங்கள். மற்றது என் வேலை."

அல்வாரோவின் கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்கு என்ன ஆகும்?"

"எனக்கு என்ன? ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டு ஜின்பெய் கூரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் பந்தல் போட்டு வெள்ளைப் பாய் விரித்திருந்தார்கள். எதிரே மூன்று அதிகாரிகள். மந்திரியின் தம்பியும் வந்திருந்தான். அல்வாரோ நடந்து வந்து உட்கார்ந்தார். இடப்புறம் சற்றுப் பின்னால் ஜின்பெய் வாளை உருவிக்கொண்டு நின்றார். தட்டு வந்தது. காகிதம் சுற்றிய குறுவாள் அதில் இருந்தது.

குனியுங்கள் என்று ஜின்பெய் மனத்துக்குள் சொன்னார்.

அல்வாரோ குனியவில்லை. தலையைத் திருப்பி ஜின்பெய்யைப் பார்த்தார். லாயத்தில் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு கொஞ்சம் வந்தது. பிறகு எல்லோரும் பார்க்கும்படி கையை நீட்டினார். அந்தக் கை குறுவாளைப் பிடித்துவிட்டது. பிடித்துத் தூக்கியும்விட்டது.

வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஜின்பெய் வாள் வீசியதில்லை. குறுவாளின் முனை அங்கியைக்கூடத் தொடவில்லை.

அதிகாரிகள் எழுந்து நின்றார்கள். மூத்தவர், "பரங்கியாக இருந்தாலும் கை நடுங்கவில்லை. உண்மையான வீரன்தான்" என்றார். மந்திரியின் தம்பிகூடத் தலை குனிந்தான். ஜின்பெய்யின் பெயர் அன்றைக்கு ஊரில் ஒரு படி உயர்ந்தது. வீட்டுக்கு வாழ்த்துச் சொல்ல ஆள் வந்தது.

ஜின்பெய் வீட்டில் இல்லை. சிறைக்காவலன் கொன்ரோகுவின் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அவரிடம் என்ன சொன்னாய்?"

"ஐயா, அவராகத்தான் கேட்டார். கத்தியைத் தொடாவிட்டால் ஜின்பெய் ஐயாவுக்கு என்ன ஆகும் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு முத்திரை வைப்பார்கள் என்றேன். அதற்குப் பிறகு சோற்றைத் தொடவே இல்லை."

"வேறு ஏதாவது சொன்னாரா?"

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது என்றார்."

ஜின்பெய் கையை எடுத்துவிட்டார்.

மடத்துக்கு ஏறும்போது பாதை சேறாக இருந்தது. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தார். தைகன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். சேறும் ரத்தமுமாக வந்து நின்றவரைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் கால் கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

"குருவே, அவர் கத்தியை எடுத்துவிட்டார். எனக்காக எடுத்துவிட்டார். வயிற்றில் படுவதற்குள் வெட்டிவிட்டேன். அவரைக் கொன்றது நானா, அவரா? அவருடைய கடவுள் என்ன சொல்வார்?"

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்குமா தெரியாது?"

"அந்தக் கடவுளை நான் பார்த்ததில்லை."

ஜின்பெய் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். போரில் தம்பி செத்தபோதுகூட அவர் அழவில்லை. அழுது ஓய்ந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"செத்தவருக்குச் செய்யும் நம் வழக்கப்படி அவருக்காக நாற்பத்தொன்பது நாளும் சூத்திரம் ஓத வேண்டும். பெரிய துறவிக்குச் செய்கிறது போல மணி அடித்து, விளக்கு ஏற்றி, சகல மரியாதையோடும்..."

"மறுபடியும் மரியாதையா?" என்றார் தைகன்.

"பின்னே என்ன செய்வேன்? அவர் ஊரில் செத்தவர்களுக்காக என்ன சொல்வார்கள்? பதினோரு வருடம் பேசினோம். அதை ஒரு நாளும் நான் கேட்கவில்லையே."

தைகன் உள்ளே போய் ஒரு கோரைப் பாயை எடுத்து வந்து கூடத்தில் விரித்தார். எதிரே விளக்கும் இல்லை, உருவமும் இல்லை. வெறும் சுவர்தான்.

"உட்காருங்கள்."

"எதைச் சொல்லிக்கொண்டு உட்காருவது, குருவே?"

"உங்களுக்குத் தெரிந்ததைக் கொடுத்துத்தான் அவரை அந்த வெள்ளைப் பாய் வரைக்கும் கொண்டுபோய் விட்டீர்கள்" என்றார் தைகன். "இனிமேலாவது தெரியாமல் உட்காருங்கள்."