தூக்கணாங்குருவிக்கு விழுந்த வரி

பெருமழையில் காட்டுக் குளத்தின் கரை உடைந்தது. கோடைக்குள் அடைக்காவிட்டால் ஒருவருக்கும் குடிநீர் இராது. ஆகவே வேந்தனான சிங்கம், “ஆண்டுக்கு நூறு படி தினைக்கு மேல் ஈட்டும் செல்வர், மிகுதியில் பாதியைக் கரைப் பணிக்குத் தர வேண்டும்!” என்று ஆணையிட்டது.

குளத்தோரம் கூடை முடைந்து விற்ற தூக்கணாங்குருவிக்கு அந்த ஆணை நியாயமாகவே பட்டது. வரி அளக்கும் நரி அதன் வாசலிலேயே வந்து நிற்கும்வரை!

“இருநூறு படி குவிந்திருக்கிறது. ஐம்பது படியை எடுத்து வை!” என்றது நரி.

“ஐயா, இதில் நூற்றைம்பது படி, கோரை கிழித்துத் தரும் சில்லைக்குருவிகளின் கூலி. மிஞ்சும் ஐம்பதுதான் என் வயிற்றுக்கு!”

“குவியலை அளப்பதுதான் என் வேலை. உன் வயிற்றை அளப்பதன்று. நாளை வருவேன்!”

நரி போனதும் தேன் வணிகம் செய்யும் கரடி வந்தது. குருவியிடம் மிகுதியாகக் கூடை வாங்குவது அதுதான்.

“நீயும் பணக்காரனாகிவிட்டாயே, தம்பி! வா, வரியே கூடாதென்று சேர்ந்து முறையிடுவோம். இல்லையேல் உன்னிடம் கூடை வாங்குவதை நிறுத்திவிடுவேன்!”

குருவி தலையைச் சாய்த்துக் கேட்டது: “அப்படியானால் கரையை யார் அடைப்பது, கரடியண்ணா?”

“அது சிங்கத்தின் கவலை!”

“போகட்டும். கூலி கொடுத்தபின் உமக்கு எவ்வளவு மிஞ்சும்?”

“கூலியா? தேனீக்களுக்கா?” கரடி விழுந்து விழுந்து சிரித்தது.

குருவி சிரிக்கவில்லை. நேரே சிங்கத்திடம் பறந்தது.

“வேந்தே, ஓர் ஐயம். அளப்பது கூலி கொடுக்குமுன்னா, கொடுத்தபின்னா?”

சிங்கம் நரியைப் பார்த்தது. நரி தன் வாலைப் பார்த்தது.

“அதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. இனி, கொடுத்தபின் அளக்கட்டும்!” என்றது சிங்கம்.

குருவிக்கு வரி நீங்கியது. கரடியோ முழுவதும் கட்டியது; கோபத்தில் ஒரு திங்கள் அந்தப் பக்கமே வரவில்லை. சில்லைகளில் பாதியை வேலையிலிருந்து நிறுத்த நேருமோ என்று குருவி கலங்கியது.

பழைய கூடைகள் இற்றுத் தேன் ஒழுகத் தொடங்கியதும் கரடி வந்தது.

“எட்டுக் கூடை கொடு! வழக்கம்போல் பத்து வாங்க என்னால் ஆகாது. வரி கட்டியவன் நான்!”

எஞ்சிய இரண்டையும், கரைக்கு மண் சுமந்த முயல்கள், வரித் தினையில் பெற்ற கூலியைக் கொடுத்து வாங்கிச் சென்றன.

வரியைப் பழிக்குமுன்னும் புகழுமுன்னும், அது எதை அளந்து யார்மேல் இறங்குகிறது என்று கேட்டறிவதே அறிவுடைமை.