பேட்டா என்றால் என்ன?

கடலோரத்தில் வெள்ளூர் என்று ஒரு நாடு. அதை விடங்கவர்மன் என்ற ராஜா ஆண்ட காலத்தில் நடந்த சங்கதி இது. ராஜா நல்லவன்தான், ஆனால் கோபம் வந்துவிட்டால் முதலில் தண்டனை, அப்புறம்தான் விசாரணை!

அன்றைக்கு ஒரு யவனக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. மாலுமித் தலைவன் ராஜாவுக்கென்று மூன்று பெரிய சாடிகள் கொண்டுவந்திருந்தான். அவற்றைக் கழுதைமேல் ஏற்றி அரண்மனைக்குக் கொண்டுவந்தவள் உலகுடையாள். துறைமுகத்தில் பொதி சுமக்கும் கழுதைகள் வைத்துப் பிழைப்பவள். சாடிகளைச் சபையில் இறக்கி வைத்துவிட்டு, தூணோரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். வாசலில் அவளுடைய கழுதை நின்றது.

காவலன் ஒருவன் முதல் சாடியின் மூடியை உடைக்கக் கை ஓங்கினான். அவ்வளவுதான், யவனன் பதறிப்போனான்! சிம்மாசனத்துக்கு நேர் எதிரே இருந்த இரண்டாவது சாடிப் பக்கம் விரலை நீட்டி, "பேட்டா! பேட்டா!" என்று கத்தினான்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்னைக் காட்டி என்ன சொல்கிறான்?"

பதினெட்டு மொழி கற்றவர் என்று தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும் திரிலோசனப் பண்டிதர் முன்னால் வந்தார். "சொல்லவே நாக்கூசுகிறது மன்னா! வடக்கே பேட்டா என்றால் மகன். தங்களை 'அடே மகனே' என்கிறான்!"

"என்னையா? ஒரு மாலுமியா?" ராஜாவின் மீசை துடித்தது.

அங்கே கடாரத்துத் தூதர் ஒருவரும் இருந்தார். அவர் தயங்கித் தயங்கி, "எங்கள் ஊரில் ராஜா மட்டும்தான் தன்னைப் பேட்டா என்று சொல்லிக்கொள்வார். 'நாமே அரசர்' என்பது போல" என்றார்.

"ஓகோ! இவன் அப்பன், நான் மகன். இவன் ராஜா, நான் குடிமகனா?"

பேட்டா என்ற சொல் வாசல்வரை போய்விட்டது. காவல் வீரர்கள் நாலு பேர் பல்லெல்லாம் தெரிய உள்ளே ஓடிவந்தார்கள். "மகாராஜா, பேட்டா கொடுக்கிறார்களாமே! மூன்று மாதமாகப் படிக்காசு வரவில்லை!"

"வெளியே போங்கடா!" ராஜா எழுந்தே விட்டான். "இந்த யவனனைக் கழுவில் ஏற்றுங்கள்! கப்பலைக் கொளுத்துங்கள்!"

உலகுடையாள் தூணோரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். யவனன் ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அவளுடைய கழுதைக்கு வெல்லம் ஊட்டிய மனுஷன்! அவள் நடுச்சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, ஒரு வார்த்தை. பேட்டாங்கிறது அந்தச் சாடி மேலே போட்டிருக்கிற எழுத்தோட பேருங்க. அவங்க நெடுங்கணக்கில் ரெண்டாவது எழுத்து. சரக்கு இறக்கும்போது தினமும் காதால கேட்கிறேனே!"

பண்டிதர் கைகொட்டிச் சிரித்தார். "கழுதை ஓட்டுகிறவள் யவன இலக்கணம் பேசுகிறாள்!"

"நான் பேசலைங்க. என் கழுதையையே பேச வைக்கிறேன். அந்த யவனரைக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நிற்க வைங்க" என்றாள் உலகுடையாள்.

ராஜாவுக்குக் கோபம் பாதி இறங்கி, ஆவல் ஏறிவிட்டது. "ம், நடக்கட்டும்!"

அவள் மூன்று பானை ஓடுகள் வாங்கி, மூன்று சாடிகளில் இருந்த எழுத்துகளையும் பார்த்துக் கரியால் எழுதிக் கயிறு கட்டினாள். "மகாராஜா, இதை உங்க இஷ்டம்போல யார் கழுத்திலாவது மாட்டுங்க."

ராஜா இறங்கி வந்தான். முதல் ஓட்டைப் பண்டிதருக்கு மாட்டினான். இரண்டாவதை, உள்ளே இழுத்துவரப்பட்ட கழுதைக்கு மாட்டினான். மூன்றாவதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டான்!

யவனனைத் திரும்பச் சொன்னார்கள். உலகுடையாள் ஒவ்வொரு ஓடாகச் சுட்டிக் காட்டினாள். அவன் பண்டிதரைப் பார்த்து "ஆல்பா" என்றான். கழுதையைப் பார்த்து "பேட்டா" என்றான். ராஜாவைப் பார்த்து "காமா" என்று சொல்லித் தலை வணங்கினான்.

"கேட்டீங்களா? பண்டிதர் சொன்னபடி பார்த்தா, என் கழுதை இந்த யவனர் பெத்த பிள்ளை!"

சபை கொல்லென்று சிரித்தது. அவள் பண்டிதரின் ஓட்டை எடுத்துவிட்டு, கழுதையின் ஓட்டைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள். யவனன் உடனே, "பேட்டா!"

"அட, இப்போ பண்டிதர் பிள்ளையாயிட்டாரே!"

கடாரத்துத் தூதரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பண்டிதரின் முகம் சிவந்தது. "எழுத்துதான் என்றால் அப்படி ஏன் கத்தினான்? முதல் சாடியில் ஏதோ சூது இருக்கிறது. இதோ, நானே திறக்கிறேன்!"

"வேண்டாம் சாமி!" என்று உலகுடையாள் கூவினாள். யவனனும் கூவினான். பண்டிதர் கேட்டால்தானே! மூடியில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

டமார்!

மாதக்கணக்காகக் கப்பலில் புளித்துப் பொங்கிக் கிடந்த மீன்சாறு அது! பீறிட்டு அடித்ததில் பண்டிதர் தலைமுதல் கால்வரை நனைந்தார். சபை மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு பக்கமும் ஓடியது. யவனன் தலையில் கைவைத்துக்கொண்டு மெல்ல, "பேட்டா..." என்றான்.

இரண்டாவது சாடியை ராஜா தன் கையாலேயே திறந்தான். உள்ளே கொத்துக் கொத்தாகச் செம்பவளம்! 'இதை முதலில் திற' என்றுதான் அந்த மனிதன் அவ்வளவு நேரமும் கெஞ்சியிருக்கிறான். ராஜாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. நேரே போய் யவனனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"பண்டிதரே, ஒரு வருஷம் துறைமுகத்தில் போய் நில்லும். காதைத் திறந்து வையும்; வாயைத் திறக்காதீர். உலகுடையாளே, இனி அயல்நாட்டார் யார் வந்தாலும் உன்னைக் கேட்டுத்தான் இந்தச் சபை கோபப்படும்" என்று சொல்லி, அவள் மடி நிறையப் பவளத்தை அள்ளிப் போட்டான்.

பிறகு, சின்னப் பிள்ளைபோல அவளிடம் குனிந்து கேட்டான்: "விடங்கவர்மன் என்றால் இவர்கள் மொழியில் என்ன அர்த்தமாம்?"

அவள் சைகையும் அரைகுறைச் சொல்லுமாக யவனனைக் கேட்டாள். அவன் அவள் காதில் ஏதோ சொன்னான். சொன்னவன் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

உலகுடையாள், எதற்கும் இருக்கட்டும் என்று கழுதையின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றினாள்.

"மகாராஜா, மூணாவது சாடியைத் திறக்கலாமுங்களா?"