தாணுலிங்கம் வரைந்த பிறை

நாகர்கோவிலில் தாணுலிங்கம் என்று ஒருவர். நிலாவில் போய் இறங்கிய கலம் ஒன்றில், கேமராவைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னத் தாங்கி உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்கு வரைபடம் போட்ட கை அவருடையது. விண்வெளி மையத்தில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கலம் இறங்கிய அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தார். "நம்ம சாமான் ஒண்ணு மேல இருக்கு" என்று இன்றைக்கும் சொல்லுவார். கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கடைசியில் ஓர் ஆசை வந்தது. குழந்தைகளுக்கு நிலாவைப் பற்றி ஒரு புத்தகம் போடவேண்டும். கதையும் படமும் தன்னுடையதாகவே இருக்கவேண்டும். அதற்காக மேபல் டீச்சரிடம் போய்ச் சீடராகச் சேர்ந்தார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஒரு டயர் கடையின் மாடியில் உட்கார்ந்து சிறுவர் புத்தகம் உண்டாக்குகிறவர். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது தாண்டியாயிற்று. சீடர் குருவை டீச்சர் என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

முதலில் எழுதிக்கொண்டு போனதைப் படித்துவிட்டு, டெண்டர் அறிவிப்பு மாதிரி இருக்கிறது அண்ணாச்சி என்றார் டீச்சர். தாணுலிங்கம் கோபித்துக்கொள்ளவில்லை. திருத்தினார். மறுபடி திருத்தினார். மொட்டைமாடியில் ஒரு சிறுமி நிற்கிறாள், பிறையைப் பார்க்கிறாள், அங்கே ஒரு கலம் புறப்பட்டுப் போகிறது. கதை அவ்வளவுதான். சென்னையில் ஒரு பதிப்பாளர் போட்டுத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டார். தாணுலிங்கம் தன் பழைய ஆபீஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

மாதிரிப் பிரதியை டீச்சர் முன்னால் வைத்துவிட்டு, ஒருநாள் கேட்டார்.

"டீச்சர், இதுல இன்னும் என்ன குறை?"

டீச்சர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வாருங்கோ என்று படியிறங்கினார்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் முன்னால் புத்தகம் ஒரு குழந்தையின் கைக்குப் போகவேண்டும். உண்டாக்கியவர் பின்னால் நிற்கலாம். வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. டீச்சரிடம் பாடம் கேட்ட எல்லாரும் அப்படி நின்று நகம் கடித்தவர்கள்தான்.

நூலகத்தின் சிறுவர் பகுதியில் பெனிட்டா இருந்தாள். இரண்டாம் வகுப்பு. டீச்சர் புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

பெனிட்டா முதல் பக்கத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் புத்தகத்தை அப்படியே பக்கவாட்டில் சாய்த்தாள். நிலாவைப் பார்த்துவிட்டு, மாடியில் நிற்கிற சிறுமியைப் பார்க்கப் புத்தகத்தை நிமிர்த்தினாள். மறுபடி சாய்த்தாள். மறுபடி நிமிர்த்தினாள்.

தாணுலிங்கத்துக்குக் கை பரபரத்தது. வழக்கத்தை மறந்தார். குனிந்து புத்தகத்தை நேராகப் பிடித்துக் கொடுத்தார்.

"இப்படிப் பிடிக்கணும் மக்கா."

"இப்படிப் பிடிச்சா நிலா எழும்பி நிக்குதே" என்றாள் பெனிட்டா.

"நிலா நிக்கத்தான் செய்யும்."

குழந்தை டீச்சரைப் பார்த்தது. டீச்சர் சீடரைப் பார்த்தார்.

"கையை எடுங்க அண்ணாச்சி."

திரும்பி வருகிற வழியெல்லாம் தாணுலிங்கம் பொருமிக்கொண்டே வந்தார். படம் வரைய உதவும் என்று வெளிநாட்டுச் சிறுவர் புத்தகங்களாக ஓர் அலமாரி நிறைய வாங்கி வைத்திருக்கிறார். அத்தனையிலும் பிறை நட்டுக்குத்தாகத்தான் நிற்கிறது. ஊர் உலகத்துக்கே இல்லாத சந்தேகம் ஒரு பிள்ளைக்கு வந்தால் அதற்கு அவர் என்ன செய்வார்? டீச்சர் உம் கொட்டிக்கொண்டே வந்தார். பஸ் நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தார்.

"வீட்டுல அக்கா மூணாம் பிறை பார்ப்பாங்கல்லா?"

"மாசம் தவறாம."

"நாளைக்குப் பிறை. அவங்க எங்க நிப்பாங்களோ, அங்க போய் நில்லுங்க."

மறுநாள் சாயங்காலம், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாணுலிங்கம் மாடி ஏறினார். மனைவி பகவதி திரும்பிப் பார்த்து, என்ன அதிசயம் என்பதுபோல் நின்றாள்.

பகவதி கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே மூன்றாம் பிறை பார்க்கிறவள். பிறையைப் பார்த்த கண்ணோடு வேறு எதையும் பார்க்காமல் வந்து, கணவன் முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் மாசம் நல்லபடியாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை. அவர் வரைபடப் பலகையில் கவிழ்ந்து கிடந்து, சரி சரி என்பார். தலை நிமிராது.

மாசி மாதத்து வானம். துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மேற்கே, தென்னைக்கு மேலே பிறை கிடந்தது. நிற்கவில்லை. கரையேற்றிப் போட்ட வள்ளம் மாதிரி, இரண்டு முனையும் மேலே தூக்கி, மல்லாந்து கிடந்தது.

தாணுலிங்கம் புத்தகத்தைத் திறந்து பிறைக்கு நேரே பிடித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு மெதுவாகப் புத்தகத்தைச் சாய்த்தார், பெனிட்டா சாய்த்தது போலவே.

பகவதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குத்தான் முகம் கிடைச்சுது. இத்தனை வருஷமும் உச்சந்தலையைத்தான் பார்த்துட்டுப் போனேன்" என்றாள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டின் ஓரத்தில் விரலாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் நம்முடையது. இங்கே சூரியன் செங்குத்தாக இறங்கும். பின்னாலேயே நிலாவும் இறங்கும். வெளிச்சம் அடியிலிருந்து படும். வடகோடி தேசங்களில் இரண்டும் சரிந்து இறங்கும். அங்கே பிறை நிற்கும். இது அவருக்குத் தெரியாத கணக்கில்லை. தெரிந்த கணக்கைக் கொண்டுபோய் மாடியில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

காலையில் டயர் கடை திறக்கும் முன்பே போய் நின்றார்.

"அப்போ அந்தப் புத்தகமெல்லாம் தப்பா டீச்சர்?"

"தப்பில்ல அண்ணாச்சி. அவங்க வீட்டு மாடியில அப்படித்தான் தெரியும்."

தாணுலிங்கம் உட்கார்ந்து அத்தனை பக்கத்துப் பிறையையும் திரும்ப வரைந்தார். அட்டைப் படத்தையும் விடவில்லை. புதிய படங்களைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, புதிய மாதிரிப் பிரதியோடு டீச்சரைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். இந்தத் தடவை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு நின்றார்.

பெனிட்டா முதல் பக்கத்தைத் திறந்தாள். பார்த்தாள். சாய்க்கவில்லை. "எங்க வீட்டு நிலா" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, கலம் புறப்படுகிற பக்கத்துக்குப் போனாள்.

கலம் இறங்கிய அன்றுகூடத் தாணுலிங்கத்துக்கு நெஞ்சு அப்படி விம்மியதில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பதிப்பாளர். தாணுலிங்கம் வராந்தாவுக்கு வந்து கேட்டார். படம் வந்தது, நிலா ஏன் மல்லாந்து கிடக்கிறது என்றார் அவர். எல்லாப் புத்தகத்திலும் நின்றுகொண்டிருக்கிற நிலா இதில் மட்டும் படுத்துக் கிடந்தால் அச்சுப்பிழை என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். பழைய படத்தையே போடுவதென்றால் போடலாம், இல்லையென்றால் இந்தப் புத்தகம் தமக்கு வேண்டாம். யோசிக்க நேரமில்லை, இப்போதே சொல்லுங்கள் என்றார்.

தாணுலிங்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, பின்னாலேயே வராந்தாவுக்கு வந்து நின்ற டீச்சரிடம் திரும்பினார். பழைய ஆபீஸ்காரர்கள், தெருக்காரர்கள், பகவதி, எல்லாரும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். இந்த வயதில் இன்னொரு பதிப்பாளருக்கு எங்கே போவது?

"நிலாவை நிமிர்த்தலேன்னா புத்தகம் கிடையாதாம் டீச்சர். என்ன சொல்லட்டும்?"

டீச்சர் கண்ணாடிக் கதவு வழியாகப் பெனிட்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இன்னும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

"நம்ம சாமான் ஒண்ணு மேல இருக்குன்னு சொல்லுவீங்கல்லா அண்ணாச்சி. அது எந்த மாடியில இருந்து பார்த்த நிலாவுக்குப் போச்சுன்னு அவர்கிட்ட கேளுங்க."

தாணுலிங்கம் போனைப் பொத்தியிருந்த கையை எடுத்து, "எங்க மாடியில நிலா கிடக்கத்தான் செய்யும்" என்றார்.