எட்டி ராசா வைத்த விருந்து

வேங்கை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் மரங்கொத்தி ஒன்று பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. கண்டிப்பான வாத்தியார் அது. எந்தப் பாடமானாலும் மரத்தைக் கொத்திக்கொண்டே சொல்லும். பிள்ளைகள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

"எட்டிப்பழம் நஞ்சு!" டொக், டொக்.

"எட்டிப்பழம் நஞ்சு!" என்று முயல்குட்டியும் அணில்பிள்ளையும் கரடிக்குட்டியும் கத்தும்.

ஒரே வாரத்தில் மூன்றும் தடங்கலில்லாமல் ஒப்பித்தன. மரங்கொத்திக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை கரடிக்குட்டி தாமதமாக வந்தது. எப்போதும் பசி, பசி என்று திரியும் குட்டி அது. அதன் கையில் மஞ்சளும் சிவப்புமாக ஓர் உருண்டைப் பழம். கடிப்பதற்கு வாயைத் திறந்தது. மரங்கொத்தி பாய்ந்து தட்டிவிட்டது.

"அடப்பாவி! எட்டிப்பழமடா அது! நேற்றுத்தானே ஒப்பித்தாய்?"

"ஒப்பித்தேன் ஐயா. ஆனால் எட்டி இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதே!"

அன்று மரங்கொத்தி மரத்தைக் கொத்தவே இல்லை. தணிந்த குரலில் ஒரு கதையைத் தொடங்கியது.

"எட்டி ராசா என்று ஒருவன் இருந்தான். பட்டாடை உடுத்தி வழியோரம் நிற்பான். போகிறவர்களை எல்லாம் விருந்துக்குக் கூப்பிடுவான்..."

"அப்புறம்?" என்றது அணில்பிள்ளை.

"அப்புறம் எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

ஐயாவுக்குத் தெரியாததும் உண்டா! பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"பட்டாடை என்ன நிறம்?" என்று முயல்குட்டி மெல்லக் கேட்டது.

"எட்டி மரத்தைப் போய்ப் பார்த்து வாருங்கள். ஆனால் எதையும் வாயில் வைக்கக் கூடாது."

மூன்றும் ஓடின. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. "ராசாவின் உள்ளங்கையில் மூன்று கோடு!" என்று கூவியது அணில்பிள்ளை. "அவன் வீட்டில் சாப்பிட்டவன் எழுந்திருக்கவே மாட்டான்" என்றது கரடிக்குட்டி. பிறகு ஆற்றங்கரை ஈரமணலில் ஆளுக்கொரு கதை எழுதின. ஒரு கதைபோல் இன்னொன்று இல்லை.

கோடை முடியும் நேரம். மலைக்கு அப்பாலிருந்து நான்கு மான்குட்டிகள் பசியோடு வந்தன. நேராக எட்டி மரத்தடிக்குப் போயின. அங்கே கரடிக்குட்டி தனியாக நின்றிருந்தது.

"தின்னாதீர்கள், நஞ்சு!" என்று கத்தியது.

"எல்லாவற்றையும் நீயே தின்னப் பார்க்கிறாயா?" என்று மான்குட்டிகள் சிரித்தன.

கரடிக்குட்டி மரத்தடியில் உட்கார்ந்தது. "சரி, தின்னுங்கள். அதற்கு முன், இந்த ராசாவிடம் விருந்துக்கு வந்தவர்கள் என்ன ஆனார்கள், தெரியுமா?"

மான்குட்டிகளின் காதுகள் நிமிர்ந்தன. கதை வளர்ந்தது. உள்ளங்கைக் கோடுகள் வந்த இடத்தில் ஒரு மான்குட்டி தலைக்கு மேலிருந்த இலையைப் பார்த்தது. மூன்று கோடு! "ஐயோ!" என்று நான்கும் பின்வாங்கின.

"பயப்படாதீர்கள். நாவல் மரம் காட்டுகிறேன், வாருங்கள். பாதி எனக்கு!" என்றது கரடிக்குட்டி. நடந்துகொண்டே எட்டி ராசாவுக்கு முறுக்கு மீசையும் வெள்ளைக் குதிரையும் கொடுத்தது.

கிளையில் இருந்த மரங்கொத்தி அதைக் கேட்டது. மரத்துக்கு ஏது மீசை? திருத்துவதற்காக அலகைத் திறந்தது. மெல்ல மூடிக்கொண்டது. அந்தக் குதிரை என்ன ஆயிற்று என்று கேட்க அவர்கள் பின்னாலேயே பறந்தது.

நீதி: ஒப்பித்த பாடம் நாக்கோடு நின்றுவிடும், தானே கதையாக்கிய பாடம் நெஞ்சில் தங்கும்.