தட்டில் வெட்டிய பன்னிரண்டு வார்த்தை

கண்ணுக்குத் தெரியாத காசைக் கள்ளன் எடுக்கமாட்டான் என்று நம்பினார் ரைஸ்மில் முதலாளி ஞானசம்பந்தம். கிரிப்டோ காசு அது. பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைதான் சாவி. தெரிந்தவன் எவனும் அள்ளிக்கொள்ளலாம்.

பேப்பர் என்றால் கரையான் அரிக்கும். எவர்சில்வர் தட்டில் வெட்டிவிட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்கு வந்தார். அங்கே பேர் வெட்டுகிறவள் செங்கமலம்.

"வெட்டணும். ஆனா பேப்பரை நீ பார்க்கக் கூடாது. உன்னை மாதிரி ஆளையெல்லாம் நம்ப முடியாது."

"அப்ப நீங்களே சொல்லுங்க முதலாளி, வெட்டுறேன்."

பேப்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தினார். "டைகர்! டி... ஐ... ஜி..." பன்னிரண்டையும் மூன்று தடவை. ஒரு வாரத்துக்குக் கடையில் எல்லார் வாயிலும் அதுதான் பாட்டு.

பத்தாம் நாள் காசு மொத்தமும் காணோம். இன்ஸ்பெக்டரோடு வந்து நின்றார்.

"இவளைத் தவிர யாருக்கும் தெரியாது சார்!"

செங்கமலம் கடையில் பாத்திரம் நிறுக்கும் தராசுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, முதல் வார்த்தை என்ன?"

"டைகர்!"

"ரெண்டாவது?"

"லெமன்!" என்றார்கள் கல்லாக்காரரும் எதிர்த்த டீக்கடைக்காரரும்.

இன்ஸ்பெக்டர் சிரித்தேவிட்டார். அப்புறம் நோட்டை எடுத்துச் சந்தேகப்பட வேண்டியவர்கள் பேரை எழுதினார். பதினேழு பேர். முதல் பேர் செங்கமலம்.

"கத்தினவர் பேரைக் காணோமே ஐயா?"

"அவர் பறிகொடுத்தவரும்மா," என்று சொல்லி, முதலாளிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.